பச்சை பூத்த பைப் ஸ்டெம்மை வீட்டிலேயே பழைய கறுப்புக்குக் கொண்டுவர

வேலூர்ப் பக்கம் ராணுவத்தில் இருந்து வந்தவர்களின் டிரங்குப் பெட்டிகளில் பழைய புகையிலை பைப் கிடைப்பதுண்டு. மரக் கிண்ணம் நன்றாகவே இருக்கும். வாயில் வைக்கும் ஸ்டெம் மட்டும் பச்சையும் பழுப்புமாக வெளிறி, நாக்கில் பட்டால் கசக்கும். அது அழுக்கில்லை. பழைய ஸ்டெம்கள் பெரும்பாலும் எபோனைட், அதாவது கந்தகம் நிறையச் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சமும் ஈரமும் பட்டு அதன் மேற்பரப்பே சிதைந்திருக்கிறது. துடைத்தால் போகாது. அந்த மெல்லிய தோலை முழுசாக எடுத்தாக வேண்டும்.

ஈரக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கந்தக வாடை வந்தால் எபோனைட். வாடையில்லாமல் பளபளப்பும் குறையாமல் இருந்தால் பெரும்பாலும் அக்ரிலிக். அதற்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் முடி போல விரிசல் விடும்.

உட்துளைக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பைப் க்ளீனர் (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி). மரத்துக்குள் செருகும் முனையில்தான் தார் அதிகம் என்பதால் அங்கிருந்து செருகுங்கள். க்ளீனர் வெள்ளையாகவே வெளியே வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

பல் தடம் இருந்தால் தேய்ப்பதற்கு முன்பே அதைச் சரிசெய்யுங்கள். எபோனைட் சூடானால் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். துளைக்குள் ஒரு க்ளீனரைச் செருகிவிட்டு, பல் தடம் உள்ள முனையை மட்டும் கொதித்து இறக்கிய நீரில் ஒரு நிமிடம் பிடித்தால் பள்ளம் மேலெழும். முழு ஸ்டெம்மையும் முக்கினால் வளைந்த ஸ்டெம் நிமிர்ந்துவிடும். சூட்டில் நிறம் இன்னும் மோசமாகும், பயப்பட வேண்டாம். தேய்ப்பதை அடுத்து வைப்பதே அதற்காகத்தான். எழாத ஆழமான பள்ளத்தில் சூப்பர் க்ளூவுடன் சலித்த கரித்தூள் கலந்து நிரப்பி, ஒரு இரவு காயவிடுங்கள்.

வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்: 400, 600, 1000, 2000. எண் கூடக்கூடத் தாள் நைசாகும், இதே வரிசையில் போங்கள். எல்லாமே தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஈரமாக இருக்கும்போது ஸ்டெம் அட்டக்கரியாகத் தெரியும். காய்ந்ததும் பழுப்பு எட்டிப்பார்க்கும். ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். 400-இல் விட்ட பழுப்பை 2000 எடுக்காது. மரத்தோடு சேரும் விளிம்பு உருண்டுவிட்டால் இணைப்பில் படி விழும், அதை மறைக்க வழியில்லை. பழைய தயிர் டப்பா மூடியில் துளையிட்டு, செருகும் முனையில் மாட்டிக்கொண்டால் விளிம்பு தப்பும். முத்திரை பதித்த இடத்தில் தாளே படக்கூடாது.

கடைசியில் வெள்ளைப் பற்பசையைப் பருத்தித் துணியில் வைத்துத் தேய்த்து, கேன் தண்ணீரில் கழுவுங்கள். போர்வெல் தண்ணீர் வெள்ளைத் தடம் விடும். மேலே கர்னாபா மெழுகு (ஒரு வகைப் பனை இலையில் எடுப்பது) ஒரு பூச்சு. ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோலுக்குப் போடும் ஃபினிஷ் பளபளக்கும்தான், வாயில் வைக்கும் பொருளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

புகைத்த சூட்டோடு ஸ்டெம்மைக் கழற்றாதீர்கள், செருகும் முனை முறியும். ஆறியபின் திருகியபடியே இழுங்கள். வேலூர் வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் பச்சை சீக்கிரமே திரும்பும். துணிப்பையில் போட்டு மேஜை டிராயருக்குள் வையுங்கள்.