குறுக்கெழுத்தில் கரையோர ரயில் பாதை: எது நிஜப்படி இருக்க வேண்டும்?

ஊர்ப் பெயர்களை வைத்துக் குறுக்கெழுத்து அமைக்கும்போது, தலைப்பு எதைச் சொல்கிறதோ, அதற்கு மட்டும் கட்டம் உண்மையாக இருந்தால் போதும். ‘கொழும்பு ஊர்கள்’ என்றால் பெயர்களை எங்கும் வைக்கலாம். கொழும்பிலிருந்து தெற்கே போகும் ‘கரையோர ரயில் பாதை’ என்று போட்டுவிட்டாலோ, மேற்பக்கம் வடக்கு. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று வரிசை பிசகாமல் கீழே இறங்க வேண்டும். வெள்ளவத்தைக்கு மேலே தெஹிவளை கிடந்தால், தினமும் அந்த ரயிலில் போகிறவர் அங்கேயே பேனையை மூடிவிடுவார்.

முதலில் எழுத்தை எண்ணுங்கள்; மெய்யெழுத்துக்கும் தனிப் பெட்டி. பம்பலப்பிட்டிக்கு 8, வெள்ளவத்தைக்கு 6. இந்த இரண்டுக்கும் பொதுவான எழுத்து ஒன்றுகூட இல்லை. அவசரத்தில் ‘ல’வையும் ‘ள’வையும் ஒன்றாக்கிக் கோர்த்துவிடுவதுதான் வழக்கமான பிழை. நடுவே ஓர் இணைப்புச் சொல் வேண்டும். ‘வள்ளம்’ பொருந்தும், ஆனால் மேலிருந்து கீழாக எழுதினால் ‘வ’ மேலே வந்து வெள்ளவத்தை வடக்கே ஏறிவிடும். கீழிருந்து மேலாக எழுதுங்கள். பம்பலப்பிட்டியை முதல் வரியில் 3ஆம் பெட்டியில் தொடங்கினால் ‘ம்’ 4ஆம் பெட்டியில் விழும். அதற்கு நேர் கீழே ள, ள். நான்காம் வரியில் ‘வ’. அந்த வரியின் முதற்பெட்டியில் வெள்ளவத்தையைத் தொடங்கினால், அதன் ‘வ’ அச்சொட்டாக அங்கேயே வந்து நிற்கும்.

வள்ளம் எப்படித் தண்டவாளத்தின் மேல் போகிறது என்று யாரும் கேட்டால், கேட்கட்டும். இணைப்புச் சொற்களுக்கு நில வரைபடம் கிடையாது. அவற்றைக் குழப்பியும் கொடுக்கலாம். நிலையப் பெயர்களைக் குழப்பக் கூடாது, எழுத்து இடம்மாறினால் பாதையும் சிதறும்.

தெஹிவளையைத் தெகிவளை என்றும் எழுதுவார்கள். ஆகவே அந்த இரண்டாம் பெட்டியில் வேறு சொல்லை வெட்ட விடாதீர்கள். அதன் ‘வ’ பாதுகாப்பான இடம்.

கடைசியில் குறிப்புகளைச் சரிபாருங்கள். கொள்ளுப்பிட்டிக்கு ‘கோட்டைக்கு அடுத்த நிலையம்’ என்று எழுதினால் பிழை; கொழும்புக் கோட்டை நிலையத்துக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் கொம்பனித்தெரு இருக்கிறது. கட்டத்தில் அதற்கு இடமில்லையென்றால் ‘கோட்டைக்குத் தெற்கே’ என்று எழுதுங்கள். தபால் இலக்கப்படி வெள்ளவத்தை கொழும்பு 6 என்பதால் அதன் குறிப்பும் 6ஆம் எண்ணாக அமைய வேண்டும் என்று சிலர் மினக்கெடுவார்கள். தற்செயலாக அமைந்தால் நல்லது. அதற்காக வரிசையைக் குலைக்காதீர்கள்.