சூடத்தை உருகவிடாமல் ஆவியாக்குவது எப்படி?

உப்பும் சூடமும் கலந்ததைப் பதங்கமாதல் (திடப்பொருள் உருகாமல் நேராக ஆவியாவது) முறையில் பிரிக்கும் சோதனை பள்ளிப் பாடத்தில் வரும். பீங்கான் கிண்ணம், மேலே கவிழ்த்த புனல், கீழே ஸ்பிரிட் விளக்கு. ஆய்வகத்தில் சரி, வீட்டில் வேண்டாம். சூட ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். தீப்பிடிக்காமல் போனாலும் இன்னொரு சிக்கல் உண்டு. சூடம் சுமார் 175 டிகிரி செல்சியசில் உருகும். நேரடித் தீயில் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டிவிடுவோம். அப்புறம் நடப்பது உருகலும் ஆவியாதலும்தான், பதங்கமாதல் இல்லை.

அதனால் என் கட்சி வெந்நீர். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. அந்தச் சூட்டில் சூடம் உருக வழியே இல்லை. பந்து போலிருக்கும் அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாகத்தான் பிடித்திருக்கின்றன, திடமாக இருக்கும்போதே கழன்று ஆவியாகிவிடும்.

வேண்டியவை: பழைய எவர்சில்வர் டம்ளர், அதன் வாயைவிட அகலமான கிண்ணம், ஒரு பாத்திரம், நாலைந்து வில்லை சூடம், கொஞ்சம் தூள் உப்பு. அந்த டம்ளரைத் திரும்பக் காபிக்கு எடுக்காதீர்கள். சூடம் வயிற்றுக்குள் போனால் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பே வரும்.

சூடத்தை நுணுக்கி, உப்போடு கலந்து, ஈரமில்லாத டம்ளரில் போடுங்கள். பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்து, கொதி வருவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகுதான் டம்ளர் பக்கத்தில் வரவேண்டும். தண்ணீர் டம்ளரின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு இருந்தால் போதும். அதிகமானால் டம்ளர் மிதந்து சாயும்.

இனி மேலே மூடும் கிண்ணம். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். குளிர்ச்சி வேண்டுமென்று அதில் ஐஸ் கட்டியைப் போட்டால் காற்றிலுள்ள ஈரமும் வெந்நீர் ஆவியும் கிண்ணத்தின் அடியில் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். சொட்டுகள் உள்ளே விழுந்து உப்பு கசகசத்துப் போகும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். சாதாரணக் குழாய்த் தண்ணீரே போதும். கீழே வெந்நீர்ச் சூடு, மேலே அறைச் சூடு. சூட ஆவி படிய அந்த வித்தியாசம் தாராளம். கிண்ணத்தின் அடியை மட்டும் நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள்.

அரை மணி நேரம் விடுங்கள். வெந்நீர் ஆறிவிட்டால் வேறு பாத்திரத்தில் சுடவைத்து மாற்றலாம். பிறகு கிண்ணத்தை நேராக மேலே தூக்குங்கள். அடியில் வெள்ளையாக, பூம்பஞ்சு போல் படிகம் ஒட்டியிருக்கும். டம்ளரின் மேல் விளிம்பிலும் கொஞ்சம் இருக்கும். உலர்ந்த ஸ்பூனால் சுரண்டிக்கொள்ளுங்கள்.

சூடம் முழுவதும் மேலே போய்விட்டதா என்று பார்க்க, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு கரைந்துவிடும், போகாத சூடம் மிதக்கும். பிசுபிசுவென்று ஏதாவது நின்றால் வாங்கிய சூடத்தில் கலப்பு இருக்கிறது.

பின்சேர்க்கை: அந்துருண்டையில் செய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம். அதிலுள்ள நாப்தலீன் 80 டிகிரியிலேயே உருகும், வெந்நீர் உத்தியே அடிபட்டுப்போகும். அதன் ஆவியும் உடம்புக்கு ஆகாது. நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) இன்னொரு கதை. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, குளிர்ந்த இடத்தில் மறுபடி சேர்கிறது. பாடப்புத்தகங்கள் அதைப் பதங்கமாதல் கணக்கில் சேர்த்தாலும் எனக்கு ஒப்புதல் இல்லை.

சூட டப்பாவில் மிளகு போட்டால் கரையாதாமே என்றும் ஒரு கேள்வி. காப்பாற்றுவது இறுக்கமான மூடிதான் என்பேன். கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி நாள்கணக்கில் விட்டுப்பாருங்கள், உள்சுவரில் அதே படிகம் பொடிப்பொடியாகப் பிடித்திருக்கும்.

சுரண்டிய படிகத்தை வீணாக்க வேண்டாம். ஒரு துணுக்கைத் தட்டில் உள்ள தண்ணீர்மேல் போட்டால் கிறுகிறுவென்று சுற்றி ஓடும். ஓடாமல் நின்றால் தட்டில் எண்ணெய்ப் பசை இருக்கிறது, சோப்புப் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசிவிட்டு மறுபடி போடுங்கள்.