பேப்பரைப் பிரிக்கச் சொன்னால் பிள்ளைகளைப் பிரிக்கிறோம்: ஊடக வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், ஒன்பதாம் வகுப்புக்கு ‘விளம்பரங்களில் நிறம்’ என்று ஒரு பாடம் நடத்தினார். கூட வந்து பாருங்கள் என்று கூப்பிட்டதால் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சிவப்பழகு கிரீம் விளம்பரத்தைத் திரையில் போட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள், பேசினார்கள், வகுப்பு சூடு பிடித்தது. அப்புறம் கேட்டார்: “சரி, நம்ம கிளாஸ்ல இந்த மாதிரி கிரீம் யாரெல்லாம் போடுறீங்க? கை தூக்குங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பத்து வருடத்துக்கு முன்னால் இதைவிட மோசமான கேள்வியை நானே கேட்டிருக்கிறேன்.

பேப்பரிலும் விளம்பரத்திலும் இருக்கும் பாகுபாட்டைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கவைக்கும் இந்த வகுப்பைப் பற்றி, அன்று மாலை அவரிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். பேப்பர் கட்டு எடுத்துவர மறப்பது, ப்ரொஜெக்டர் மக்கர் செய்வது, மணி அடித்துவிடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவையெல்லாம் நாலு வகுப்பில் தானே சரியாகிவிடும்.

விடையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்பது

“இந்த விளம்பரம் பெண்களை எப்படி இழிவுபடுத்துகிறது?” என்று கேட்டால், ‘இழிவுபடுத்துகிறது’ என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். பிள்ளைகள் அதற்கப்புறம் விளம்பரத்தைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். மிஸ்ஸுக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுபிடிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். “இந்தப் படத்தில் யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? யார் கையில் கரண்டி, யார் கையில் சாவி?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் அமைதியாக இருக்கும். தாங்கிக்கொள்ள வேண்டும்.

எதை எண்ணுவது என்று சொல்லாமல் எண்ணவிடுவது

ஒரு நாள் பேப்பரில் ஆண் படம் எத்தனை, பெண் படம் எத்தனை என்று எண்ணச் சொல்வது எல்லோரும் செய்யும் செயல்பாடுதான். முதல் முறை நானும் அப்படித்தான் சொன்னேன். ஐந்து குழுக்கள் எண்ணி முடித்து, ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்று கொண்டுவந்து நீட்டின. “பாத்தீங்களா மிஸ், சமமாத்தான் இருக்கு” என்று பையன்கள் கொண்டாடிவிட்டார்கள்.

என்ன நடந்தது என்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அது முகூர்த்த சீசன். நகைக்கடையும் ஜவுளிக்கடையும் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்திருந்தன. ஒரே பட்டுப்புடவை விளம்பரத்தில் ஏழு பெண்கள். ராசிபலன் பக்கத்து மகாலட்சுமியையும் ஒரு குழு சேர்த்து எண்ணியிருந்தது. இன்னொரு குழு கண்ணீர் அஞ்சலிப் படங்களை விட்டுவிட்டது, செத்தவர்களை எண்ணக்கூடாதாம். விளம்பரத்தைத் தனியாக எடுத்துவிட்டு, செய்தியில் பேசுகிறவர்களை, அதாவது பெயர் போட்டு ‘என்று கூறினார்’ என்று எழுதப்பட்டவர்களை மட்டும் எண்ணச் சொன்னபோது கணக்கே வேறாக வந்தது.

உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்று 1995-லிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, ஒரே நாளில், பல நாடுகளின் செய்திகளை எண்ணிப் பார்க்கிறது. செய்தியில் இடம்பெறும் மனிதர்களில் பெண்கள் 1995-ல் 17 சதவீதம், 2020-ல் 25 சதவீதம். அவர்கள் எண்ணத் தொடங்கும் முன் எது சேரும், எது சேராது என்று விதி எழுதிக்கொள்கிறார்கள். வகுப்பிலும் அந்த விதியைக் கரும்பலகையில் முதலில் எழுதுங்கள். பிள்ளைகளையே எழுதவைத்தால் இன்னும் நல்லது. மகாலட்சுமி சேருமா என்று அவர்கள் சண்டை போடும் பத்து நிமிடம்தான் அன்றைய பாடத்திலேயே உருப்படியான பகுதி.

மார்ச் 8-ஆம் தேதிப் பேப்பர்

வேண்டாம். அது மகளிர் தினப் பேப்பர். சாதாரணச் செவ்வாய்க்கிழமைப் பேப்பர் போதும்.

பிள்ளையையே உதாரணமாக்குவது

இது ஒன்றைப் பார்த்தால்தான் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. செய்கிறவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார். வகுப்பும் அன்று பிரமாதமாகப் போனது போலவே இருக்கும். அதற்கான விலையை ஒரே ஒரு பிள்ளை கொடுக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். 1975-ல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-ல்தான் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாறியது. இந்த வகுப்பு அதற்கு முந்தையது. சிவப்பழகு கிரீம் விளம்பரக் கதை எல்லோருக்கும் தெரியும்: கறுப்பான பெண்ணுக்கு வேலை கிடைக்காது, கிரீம் பூசுவாள், சில வாரத்தில் வேலை கிடைக்கும், அப்பா பெருமையாகச் சிரிப்பார். அதை வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டே போனேன். நிறத்துக்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை என்று காட்டவேண்டும். கண் மூன்றாவது பெஞ்சில் போய் நின்றது. கணக்கில் எப்போதும் முதலாக வரும் பெண். “இதோ, இவள் கறுப்புதானே? கணக்கில் இவளை யாராவது முந்த முடியுமா?” என்றேன். வகுப்பே கைதட்டியது. அவளும் சிரித்தாள். நான் மிதந்துகொண்டே ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன்.

மறுநாள் காலை கரும்பலகையின் ஓரத்தில் யாரோ ‘கிரீம்’ என்று எழுதியிருந்தார்கள். பத்தாம் வகுப்பு முடியும் வரை அவளுக்கு அதுதான் பெயர். அவள் மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்து சன்னலோரக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மா என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: “நீங்கதானா டீச்சர், எம்புள்ளய எல்லாருக்கும் முன்னால கருப்பின்னு சொன்னது?”

கணக்கில் முதல் என்று நான் பாராட்டியது அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை.

இந்தத் தவறு பல வேடங்களில் வரும். சினிமாவில் தீவிரவாதியாக யாரைக் காட்டுகிறார்கள் என்று பேசும்போது வகுப்பில் இருக்கும் ஒரே முஸ்லிம் பையனைத் திரும்பிப் பார்ப்பது. மாற்றுத்திறனாளிகளைக் கிண்டல் செய்யும் காமெடிக் காட்சியைப் போட்டுவிட்டு, காலில் காலிப்பர் மாட்டியிருக்கும் பிள்ளையிடம் “உனக்கு எப்படி இருந்தது?” என்று கேட்பது. செய்தியில் ‘காலனி’ என்று எழுதுகிறார்களே என்று சொல்லி, அந்தத் தெருவிலிருந்து வரும் பிள்ளையை எழுப்பிவிடுவது. அதுவரை அது தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்த பிள்ளை. ஒரே கேள்வியில் ஒரு சமூகத்துக்கே பிரதிநிதியாக்கிவிடுகிறோம். அது என்ன பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்ளும். ‘வலிக்கிறது’ என்றால் பரிதாபம், ‘ஒன்றுமில்லை’ என்றால் மற்றவர்களுக்கு லைசென்ஸ்.

இதன் பெரிய வடிவம், வீடியோவைப் பார்த்துவிட்டுச் செய்யும் ‘நீலக்கண், பழுப்புக்கண்’ விளையாட்டு. 1968 ஏப்ரல் 4 அன்று கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை நிறப் பாகுபாடு எப்படி இருக்கும் என்று உணர்த்த, தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். ஒரு கூட்டம் உசத்தி, ஒரு கூட்டம் மட்டம். மட்டமானவர்களுக்குக் கழுத்தில் துணிப்பட்டை. அடுத்த முறை அதை அப்படியே புரட்டிப் போட்டார். அந்தப் பரிசோதனை சரியா என்று அங்கேயே இன்றுவரை வாதம் நடக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வகுப்பில் இருந்தவர்கள் எல்லோருமே வெள்ளைக்காரப் பிள்ளைகள். பட்டையைக் கழற்றினால் பிரிவினையும் கழன்றுவிடும், வீட்டுக்குக் கூட வராது. நம் வகுப்பில் அப்படியா? நாம் பிரிப்பதற்கு முன்னாலேயே ஊர் பிரித்து அனுப்பியிருக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை, கூடப் படித்த பையன்களே சாதியின் பெயரால் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எதுவும் பள்ளியில் கூடாது என்று பரிந்துரைத்தது. நிலைமை இப்படி இருக்கும்போது, ஒரு பீரியடுக்காக நாம் புதிதாக ஒரு கயிறு கட்டிவிடவா?

இப்போதெல்லாம் வகுப்புக்குப் போகும் முன் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விடை எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறேன். விடை பேப்பரில் இருந்தால் கேள்வி இருக்கட்டும். பிள்ளையின் தோலிலோ வீட்டிலோ தெருவிலோ இருந்தால் அடித்துவிடுகிறேன். ‘நம்ம கிளாஸ்ல’ என்று தொடங்கும் கேள்வி எதுவும் இந்தத் தணிக்கையில் தேறுவதில்லை. பேச விரும்புகிற பிள்ளை தானாகவே பேசும். பெரும்பாலும் மணி அடித்தபின், மேசை ஓரமாக வந்து நின்று பேசும். அதை மறுநாள் வகுப்பில் ‘ஒருத்தி சொன்னாள்’ என்று எடுத்துவிடாதீர்கள். யார் அந்த ஒருத்தி என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஐந்து நொடி போதும்.

நியூ ஆர்லியன்ஸ் படங்களை அரைகுறையாகச் சொல்வது

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்த 2005 கத்ரீனா புயல் வெள்ளம். மார்பளவு தண்ணீரில் பொருளோடு போகும் கறுப்பின இளைஞரின் படத்துக்குக் கீழே ‘மளிகைக் கடையைச் சூறையாடிவிட்டு’ என்று இருந்தது. அதேபோல் போகும் வெள்ளையர் இருவரின் படத்துக்குக் கீழே, ரொட்டியும் சோடாவும் ‘கண்டெடுத்தபின்’ என்று இருந்தது. ஊடகப் பாகுபாட்டுக்கு இதைவிடப் பளிச்சென்ற உதாரணம் கிடையாது என்பதால் எல்லாப் பயிற்சியிலும் வருகிறது. பெரும்பாலும் ஒரே பத்திரிகை செய்ததாகச் சொல்லிவிடுகிறார்கள். அவை இரண்டு வேறு செய்தி நிறுவனங்களின் படங்கள், எடுத்தவர்களும் வேறு வேறு. முதல் படத்தை எடுத்தவர் அந்த இளைஞர் கடைக்குள் போனதைப் பார்த்ததாக அவருடைய நிறுவனம் விளக்கம் சொன்னது. இரண்டாவது படக்காரர், பொருட்கள் தண்ணீரில் மிதந்து வந்ததாகச் சொன்னார்.

இதைச் சொன்னால் பாடம் நீர்த்துப்போகும் என்று பயப்பட வேண்டாம். இங்கேதான் வகுப்பு விழித்துக்கொள்கிறது. பாகுபாடு எழுதியவர் மனதில் இருந்ததா, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த வாசகர் மனதில் இருந்ததா, பசித்தவன் எடுத்ததைச் சூறையாடல் என்று சொல்லலாமா என்று அவர்களே கிளம்பிவிடுவார்கள்.

ஆங்கிலப் பயிற்சித்தாளை அப்படியே தமிழாக்குவது

அந்தத் தாள்களில் இல்லாத ஒரு சாமான் நம்மிடம் இருக்கிறது: விகுதி. ஆங்கிலத்தில் அமைச்சருக்கும் பிக்பாக்கெட்டுக்கும் ஒரே வினைச்சொல்தான். நாம் ‘கூறினார்’, ‘ஓடினான்’ என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் மரியாதையை அளந்து வைக்கிறோம். பேப்பரில் ஆட்கள் வரும் வினைச்சொல்லையெல்லாம் அடிக்கோடிட்டு, யாருக்கு ‘ஆர்’, யாருக்கு ‘ஆன்’, யாருக்கு ‘ஆள்’ என்று மூன்று நிறத்தில் குறிக்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பாடத்தில் பால், எண், இடம் நடத்தின மாதிரியும் ஆயிற்று.

அடுத்து அடைமொழி. ‘பெண் டாக்டர்’, ‘பெண் போலீஸ்’ என்று எழுதுகிறார்கள், ‘ஆண் டாக்டர்’ என்று எழுதுவதில்லை. உள்ளூர்க்காரர் பிடிபட்டால் ‘வாலிபர் கைது’, பீகார்க்காரர் பிடிபட்டால் ‘வடமாநில வாலிபர் கைது’. இதைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பையன் நிமிர்ந்து, “மிஸ், மர்ம நபர்னா ஏன் எப்பவும் ஆம்பளதான்னு நெனச்சுக்கிறோம்?” என்றான். பேப்பரில் ஆண் என்று எங்குமே எழுதவில்லை. என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

மதிப்பெண் போடுவது

போடாதீர்கள். எல்லாரும் நல்ல பிள்ளையாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

வில்லனைத் தேடுவது

நாலு வாரம் குறையாகவே கண்டுபிடித்த வகுப்பு கடைசியில் வந்து நிற்கும் இடம், “பேப்பர்ல வர்றது எல்லாமே பொய் மிஸ்.” நான் ஒரு வருடம் இதை வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அதே பையன், மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பியது மட்டும் உண்மை என்று நம்புவது தெரிந்தது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் சுற்றின. காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்தது. அந்தப் பொய்யைப் பொய் என்று உறுதிப்படுத்தியதும் நிருபர்கள் போய் விசாரித்து எழுதிய செய்திதான்.

அதனால் இப்போது கடைசி இரண்டு வாரம் பிள்ளைகளையே கைப்பிரதி ஏடு தயாரிக்கச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் விளையாட்டு விழாவுக்கு நாலு பக்கம் போட்டார்கள். ஒரு மாதமாகப் பேப்பரைக் கிழித்துத் தோரணம் கட்டிய அதே வகுப்பு. முதல் பக்கத்தில் பையன்களின் ரிலே, இரண்டாம் பக்கத்தில் தலைமை ஆசிரியர் பேச்சு, கடைசிப் பக்கத்தில் நன்றி. கபடியில் வட்டார அளவில் ஜெயித்த பெண்கள் அணியைக் காணோம். யாரும் வேண்டுமென்று விடவில்லை. போட்டோ எடுக்கப் போனை வைத்திருந்த இரண்டு பேரும் ரிலேயில் ஓடுகிறவர்களின் நண்பர்கள், கபடி நடந்த நேரத்தில் அவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

ஏட்டைச் சுவரில் ஒட்டின அன்றே கபடி அணித் தலைவி வந்து பார்த்தாள். ஒன்றும் பேசாமல் சிவப்புப் பேனாவை எடுத்து, விளிம்பில் ‘ஆண் படம் 11, பெண் படம் 2, மிஸ்ஸையும் சேர்த்து’ என்று எழுதிவிட்டுப் போனாள்.