லயன்ஸ் பின்னால் ஊர் ஊராக: கூட்டத்தின் கணக்கு பார்ப்பவள் சொல்வது

எங்கள் கூட்டத்தில் பணம் என் கையில்தான் இருக்கும். அதனால் இதில் ரக்பியைவிட ரூம் வாடகை கொஞ்சம் தூக்கலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலைக்காக வேல்ஸுக்குப் போனவள், அங்கே இருந்தவர்கள் இழுத்துக்கொண்டு போய் ஸ்டேடியத்தில் உட்காரவைத்ததில் ரக்பிப் பைத்தியம் பிடித்தவள். லயன்ஸ் தோற்றதற்காக நண்பர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. யார் எவ்வளவு கொடுத்தார், யார் வண்டி ஓட்டினார், யாருக்கு நல்ல சீட் கிடைத்தது என்பதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புதியவர்களுக்கு இரண்டு வரி. இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் நான்கிலிருந்தும் ஆட்களைப் பொறுக்கி அமைக்கும் அணி பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ். நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று முறை வைத்துப் போகிறார்கள். ஆக ஒரு நாட்டுக்கு மறுபடி வர 12 வருஷம் ஆகும். போன இடத்தில் அந்த நாட்டின் தேசிய அணியோடு மோதும் மூன்று பெரிய மேட்ச்தான் டெஸ்ட், மற்றவை உள்ளூர் அணிகளோடு. 2017இல் நியூசிலாந்து, 2021இல் தென்னாப்பிரிக்கா (கோவிட்டால் ஸ்டேடியமே காலி), 2025இல் ஆஸ்திரேலியா. 2029 நியூசிலாந்தின் முறை. கீழே சொல்வதெல்லாம் அதை மனதில் வைத்துத்தான்.

முழுப் பயணத்துக்கும் போக வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை இருக்கும். ஆறு வாரம் லீவும் அதற்கேற்ற பணமும் இருப்பவர்கள் ஓய்வு பெற்றவர்கள்தான், அவர்களுக்கு என் யோசனை தேவையில்லை. மற்றவர்கள் பயணத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தத் துண்டு? முதல் டெஸ்ட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம், விமானமும் அப்போதுதான் நிரம்பி வழியும். நான் சொல்வது இரண்டாவது டெஸ்ட். 2009 பிரிட்டோரியாவில் தென்னாப்பிரிக்கா 28-25, கடைசி நொடியில் அவர்களின் மோர்னே ஸ்டெய்ன் மைதானத்தின் தன் பாதியிலிருந்தே அடித்த பெனால்டி. 2013 மெல்போர்னில் ஆஸ்திரேலியா 16-15. 2017 வெல்லிங்டனில் நியூசிலாந்தின் சோனி பில் வில்லியம்ஸ் ரெட் கார்டு வாங்கி வெளியேறிய பிறகு லயன்ஸ் 24-21. 2025 மெல்போர்னில் லயன்ஸ் 29-26. ஆளில்லாமல் நடந்த 2021ஐ விட்டுவிட்டால், 2009லிருந்து இரண்டாவது டெஸ்ட் எதுவும் மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் முடியவில்லை. முதல் டெஸ்ட்டில் தோற்றவனுக்கு அன்றைக்கு வாழ்வா சாவா, வேறென்ன காரணம் வேண்டும்.

அதனால் இரண்டாவது டெஸ்ட்டை நடுவில் வையுங்கள். அதற்கு முந்தைய வாரநாள் மேட்ச் ஒன்று, முடிந்தால் மூன்றாவது டெஸ்ட். அந்த வாரநாள் மேட்ச்சைத்தான் எல்லாரும் கழித்துவிடுவார்கள். டெஸ்ட் அணியில் இடம் கிடைக்காத லயன்ஸ், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை லயன்ஸோடு மோதப் போகிற உள்ளூர்ப் பையன்கள், பாதி விலை டிக்கெட், மைதானத்துக்குப் பக்கத்திலேயே சீட். 2025 ஜூலை 22 மெல்போர்னில் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் அண்ட் பசிஃபிகா அணியோடு (பழங்குடி, பசிபிக் தீவு வம்சாவளி வீரர்களின் அணி) லயன்ஸ் 24-19 என்று மூச்சு வாங்கி ஜெயித்தார்கள். டெஸ்ட்டுக்கு மட்டும் வந்தவர்கள் அன்றைக்கு எங்கேயோ ஷாப்பிங் போயிருந்தார்கள்.

இனி ஆட்கள். நான்கு பேர் நல்லது, ஆறு பேர் சமாளிக்கலாம். ஏழு ஆனால் ஒரு வண்டி போதாது, ஒரு டேபிள் போதாது, எங்கே சாப்பிடுவது என்று முடிவெடுக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒற்றைப்படை எண்ணிக்கை வேண்டவே வேண்டாம், ரூம் வாடகையில் ஒருவர் தலையில் கூடுதலாக விழும். யார் வண்டி ஓட்டுவது, யார் குடிக்க மாட்டார், யார் குறட்டை விடுவார், யாருக்கு மேட்ச் தவிர வேறெதிலும் நாட்டமில்லை, இதெல்லாம் டிக்கெட் போடுவதற்கு முன்பே பேசித் தீருங்கள். ஆளுக்கொரு ஆசையை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருவர் திமிங்கிலம் பார்க்க வேண்டும் என்பார், ஒருவர் தூங்கினால் போதும் என்பார். இரண்டுமே நியாயம்தான், முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பணத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் முறை இது. புறப்படுவதற்குப் பல மாதம் முன்பிருந்தே ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு பொதுக் கணக்கில் போடுவோம். தங்குமிடம், வண்டி, பெட்ரோல், ஃபெர்ரி, கடையில் வாங்கும் மளிகை எல்லாம் அதிலிருந்து. பப்பில் ஆகும் செலவு ஒரு பைசா அதிலிருந்து போகாது. குடிக்காதவர் நான்கு இரவு ஆரஞ்சு ஜூஸ் குடித்துவிட்டு மற்றவர்களின் பியருக்குப் பங்கு கொடுத்தால், ஐந்தாம் நாள் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. ஸ்ப்ளிட்வைஸ் மாதிரி ஆப் ஒன்றில் அன்றன்றைக்கே ஏற்றிவிடுவேன், காலை காபிக்கு முன்னால். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்கிறவர்தான் கடைசியில் ‘நான் அன்னிக்கு சாப்பிடவே இல்லையே’ என்பார்.

டிக்கெட் விஷயத்தில் ஒரே ஒரு ஒப்பந்தம் முன்கூட்டியே வேண்டும்: குலுக்கலில் சிலருக்கு மட்டும் கிடைத்தால் என்ன செய்வது? விண்ணப்பத்தை ஆளாளுக்குத் தனித்தனியாகப் போடுங்கள், கிடைப்பதையெல்லாம் ஒரே குவியலில் சேருங்கள். எங்களுக்கு 2025இல் மெல்போர்ன் கிரிக்கெட் கிரவுண்டில், அந்த இரண்டாவது டெஸ்ட்டுக்கு, சீட் மூன்று இடத்தில் சிதறிக் கிடைத்தது. டிராம் ஸ்டாப்பில் நின்றுகொண்டு ஒருவரின் கம்பளித் தொப்பிக்குள் சீட்டு எழுதிப் போட்டு எடுத்தோம். எனக்கு விழுந்தது உச்சி அடுக்கில் தனி சீட், இரண்டு பக்கமும் தங்க நிற ஜெர்சி போட்ட ஆஸ்திரேலியர்கள். முதல் அரை மணியில் லயன்ஸ் 23-5 என்று பின்தங்கியபோது அவர்கள் எனக்கு ஆறுதலாகச் சிப்ஸை நீட்டினார்கள். கடைசி நிமிடத்தில் லயன்ஸின் ஹ்யூகோ கீனன் ட்ரை போட்டார், அதாவது பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தார். அதற்கு முந்தின மோதலில் இன்னொரு லயன்ஸ் வீரர் ஜாக் மார்கன் செய்தது தவறா என்று பெரிய திரையில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். 90,307 பேர் இருந்த இடத்தில் அந்த நேரம் எல்லாரும் பக்கத்தில் இருப்பவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தோம், யார் எந்த அணி என்ற கணக்கே இல்லை. ட்ரை செல்லும் என்றதும் என் சிப்ஸ்காரர் எழுந்து போய்விட்டார். பாவம், பாக்கெட்டை விட்டுவிட்டுப் போனார்.

அந்த நாட்டு ரக்பி யூனியன் விற்பதும், லயன்ஸின் அதிகாரப்பூர்வ பேக்கேஜும்தான் நம்பகமான வழிகள். பேக்கேஜில் டிக்கெட் உறுதி, விலை கனம். தெருவில் கைமாறும் டிக்கெட்டைத் தொடாதீர்கள். நியூசிலாந்தில் பெரிய நிகழ்ச்சி என்று அரசு அறிவித்தவற்றுக்கு, அச்சிட்ட விலைக்கு மேல் டிக்கெட் விற்பது 2007 சட்டப்படி குற்றம். டிக்கெட் போனில்தான் வரும் என்பதால், எல்லா டிக்கெட்டையும் ஒருவர் போனிலேயே வைத்திருக்க வேண்டாம். அவர் டாய்லெட் போனால் மற்ற ஐந்து பேரும் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

போட்டி அட்டவணை வந்த அன்றைக்கே ரூம் போடுங்கள், ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில். விமானம் இரண்டாவதுதான். ஒரு ஊரில் இறங்கி வேறு ஊரிலிருந்து கிளம்பும்படி எடுத்தால் ஒரு முழு நாள் மிச்சம். டெஸ்ட் நடக்கும் ஊரில் விலை எகிறினால் ரயில் பாதையைப் பாருங்கள். வெல்லிங்டனுக்குப் பதில் பெட்டோனியிலோ லோயர் ஹட்டிலோ தங்கலாம். அங்கிருந்து வரும் ரயில் வெல்லிங்டன் ஸ்டேஷனில் விட்டுவிடும், அங்கிருந்து ஸ்டேடியத்துக்கு நடைபாதை மேலேயே போகிறது. உருண்டையாகத் தகரம் அடித்த மாதிரி இருப்பதால் ஊர்க்காரர்கள் அந்த ஸ்டேடியத்தை ‘கேக் டின்’ என்பார்கள். ஆக்லாந்தில் ஈடன் பார்க் ஸ்டேடியத்துக்குக் கிங்ஸ்லேண்ட் ஸ்டேஷனில் இறங்க வேண்டும்.

பாஸ்போர்ட் ஆளுக்கு ஆள் மாறும் கூட்டங்களில் விசாவைத் தனியாக ஒருவர் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர் நியூசிலாந்துக்கு என்.இசட்.இ.டி.ஏ. என்ற ஆன்லைன் பயண அனுமதி எடுத்தால் போதும். ஆப்பில் 17 நியூசிலாந்து டாலர், வெப்சைட்டில் 23, அதோடு சுற்றுலா வரி 100. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் முறையான விசிட்டர் விசா வேண்டும், வங்கிக் கணக்கு விவரம் முதல் திரும்பும் பயணம் வரை காட்டி. முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். மற்றவர்கள் எல்லாரும் கிளம்பத் தயாராக நிற்கும்போது ஒருவர் மட்டும் விசாவுக்குக் காத்திருந்தால் மொத்தக் கூட்டத்துக்கும் பயணம் கசந்துவிடும். இறங்கும் முன் டிராவலர் டிக்ளரேஷன் நிரப்ப வேண்டும், அது இலவசம். தேன் கொண்டுபோக முடியாது, மற்ற தின்பண்டங்கள் எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். மண் ஒட்டிய ஷூவும் இதில் சேரும், கிளம்புமுன் டூத் பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

ஜூன், ஜூலை அங்கே நடுக்குளிர்காலம். மாலை ஐந்துக்கே இருட்டிவிடும், மேட்ச்சோ ராத்திரி. கேம்பர்வேன் எடுப்பவர்கள் மூன்றைக் கவனிக்கணும். நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்க முடியாது, டாய்லெட் பொருத்திச் சான்று பெற்ற வண்டிக்கே பல இடங்களில் அனுமதி. ஆக்லாந்திலிருந்து வெல்லிங்டன் 640 கிலோமீட்டர், நடுவில் டெசர்ட் ரோடு பனி விழுந்தால் மூடிவிடும், எனவே டவுப்போவில் ஒரு இரவு தங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, வடக்குத் தீவையும் தெற்குத் தீவையும் பிரிக்கும் குக் ஜலசந்தி. வெல்லிங்டனிலிருந்து பிக்டனுக்கு ஃபெர்ரி மூன்றரை மணி நேரம், அலை பெரிதானால் ரத்து. மேட்ச் நாளன்று ஃபெர்ரி ஏறுவதாகத் திட்டம் போடுகிறவரிடம் பொதுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வண்டியோடு கடக்க வேண்டுமானால் ரூமுக்கு முன்பே அதைப் போட்டுவிடுங்கள், லயன்ஸ் வரும் வாரங்களில் வண்டி இடம்தான் முதலில் தீரும். அந்தப் பக்கம் இறங்கினால் கைகூரா வழியாகப் போகும் கடற்கரைச் சாலை. பாறைமேல் சீல் குட்டிகள் உருண்டுகொண்டிருக்கும், அங்கே அரை நாள் தாராளமாகக் கொடுக்கலாம். லயன்ஸே வேண்டாம், திரும்பி வந்து இதை மட்டும் பார்க்கலாம் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மேட்ச் நாளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெல்லிங்டன் காற்றுக்குக் குடை வேலைக்கு ஆகாது, தலைவழியாகப் போடும் மழைக்கோட்டு, உள்ளே இரண்டு அடுக்கு. டனீடினில் கூரை போட்ட ஸ்டேடியம், அங்கே கவலையில்லை. பெரிய பையை வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். மேட்ச்சுக்கு முன் நியூசிலாந்து அணி ஹாக்கா என்ற மாவோரி நடனம் ஆடும்போது பாட்டுப் பாடி அமுக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. அவ்வளவு செலவழித்துப் போனது அதையும் காதால் கேட்கத்தானே. லயன்ஸ் ஆதரவாளர்கள் சிவப்பு ஜெர்சியோடு வருவார்கள் என்று ஊருக்கே தெரியும், பப்பில் யாராவது வம்புக்கு இழுப்பார்கள். 2005இல் வெல்லிங்டனில் நியூசிலாந்தின் டான் கார்ட்டர் ஒருவரே 33 புள்ளி எடுத்ததை ஞாபகப்படுத்துவார்கள். 1971இல் நாங்கள் தொடரையே ஜெயித்தோமே என்று சொல்லிவிட்டு அடுத்த பியர் அவர்கள் கணக்கா என்று கேளுங்கள். நியூசிலாந்தில் லயன்ஸ் தொடர் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான் என்பது அவர்களுக்கும் தெரியும், ஆனாலும் பியர் வரும்.

மேட்ச் இல்லாத நாட்களில் கூட்டத்தைப் பிரித்துவிடுங்கள். இரண்டு வாரம் ஒருவரை ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் யாரையும் பிடிக்காது. ரோட்டோருவாவில் கந்தக வாடையோடு வெந்நீர்க் குளத்தில் ஒரு பாதி ஊறட்டும், இன்னொரு பாதி துணி துவைக்கப் போகட்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு மட்டும் சேர்ந்தால் போதும்.

கணக்கை முடிப்பது கடைசி டெஸ்ட்டுக்கு முந்தின நாள். மேட்ச் முடிந்த பிறகு ஜெயித்தவர்கள் கேட்டதற்கு மேல் கொடுப்பார்கள், தோற்றவர்கள் பேசவே மாட்டார்கள், இரண்டுமே நல்ல கணக்கு ஆகாது. நான் வெள்ளிக்கிழமை காலை ஆப்பைத் திறந்து ஆளாளுக்குத் தொகையைச் சொல்லிவிடுவேன். அன்று மாலைக்குள் பணம் வந்தால்தான் சனிக்கிழமை டிக்கெட் அவர் போனுக்குப் போகும்.