குடித்த அன்றும் ஏஆர்டி மாத்திரையை விடாதீர்கள்

ஏஆர்டி எனப்படும் எச்.ஐ.வி மருந்துச் சிகிச்சையில் இருந்துகொண்டே குடிப்பவர்கள் செய்யும் தவறுகளில் என்னை அதிகம் வருத்துவது இதுதான்: "இன்னைக்குக் குடிச்சிருக்கேன், மாத்திரையும் சேர்ந்தா விஷமாயிடும்" என்று பயந்து அன்றைய மாத்திரையை விட்டுவிடுவது. ஞாயிறு ஒரு நாள், தீபாவளிக்கு மூன்று நாள், சம்பள வாரத்தில் இன்னும் இரண்டு என்று விட்டுக்கொண்டே போனால் ரத்தத்தில் மருந்து குறையும், வைரஸ் பெருகும், கடைசியில் மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் மாறலாம். இப்போது அரசு ஏஆர்டி மையங்களில் பெரும்பாலோருக்குத் தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. அது மதுவோடு சேர்ந்து விஷமாவதில்லை. குடி கல்லீரலைக் கெடுக்கும், உண்மைதான், அதற்கும் சிகிச்சை வேண்டும். ஆனால் மாத்திரையை நிறுத்துவது அதற்கு வழியல்ல.

"முதலில் குடியை விடு, அப்புறம் ஏஆர்டி" என்று சொல்வதும் தவறு. 2017 முதல் இந்தியாவில் சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை எதுவானாலும் சிகிச்சை உண்டு. இரண்டையும் ஒன்றாகவே தொடங்கலாம்.

வீட்டார் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. தினமும் நிறையக் குடிப்பவரை ஒரே நாளில் நிறுத்தவைத்து அறையில் பூட்டிவைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

அபின் வகைப் போதையிலிருந்து மீள மெத்தடோன் என்ற மாற்று மருந்தை எடுப்பவர்கள் விஷயம் இன்னும் நுட்பமானது. எஃபாவிரென்ஸ் கலந்த ஏஆர்டியோ, காசநோய்க்கான ரிஃபாம்பிசினோ சேர்ந்தால் உடலில் மெத்தடோன் அளவு குறைந்துவிடும். அவருக்கு மூக்கு ஒழுகும், உடம்பு முறுக்கும், தூக்கம் வராது. அதைப் பார்த்து "கூட மருந்து கேட்டு நடிக்கிறார்" என்று விரட்டினால் அவர் திரும்பப் போதை ஊசிக்குத்தான் போவார். செய்ய வேண்டியது, மருத்துவர் மெத்தடோன் டோஸை உயர்த்துவதுதான். இதே போன்ற இன்னொரு மாற்று மருந்தான பியூப்ரினார்ஃபின் எடுப்பவருக்கும் ரிஃபாம்பிசினால் இதே சிக்கல் வரலாம். "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், இந்த மருந்துகள் ஊசி பகிர்வதைக் குறைக்கின்றன, ஏஆர்டியைத் தவறாமல் எடுக்கவும் உதவுகின்றன.

இத்தனைக்கும் அடியில் இருப்பது மறைப்பதுதான். ஏஆர்டி மையத்தில் குடியைச் சொல்வதில்லை, போதை மீட்பு மையத்தில் எச்.ஐ.வி-யைச் சொல்வதில்லை. பயம் நியாயமானது, ஆனால் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் அதை வெளியே சொல்ல பொதுவாக யாருக்கும் உரிமை கிடையாது. எங்கே போவதென்று தெரியவில்லையா, எச்.ஐ.வி-க்கு 1097, போதைக்கு 14446, இரண்டுமே கட்டணமில்லா எண்கள். போகும்போது இரண்டு இடத்து மருந்துச் சீட்டையும் ஒரே பையில் வைத்து எடுத்துப் போங்கள்.