100 வாட் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலியாளர்களின் ஒலிபரப்புக் கருவி) 40 வாட்தான் காட்டுகிறதா?

உடனே மூடியைக் கழற்றாதீர்கள். நுவரெலியா, ஹட்டன், ஹப்புத்தளை போன்ற இலங்கை மலைநாட்டு ஊர்களின் ஈரத்துக்குப் பழுது பெரும்பாலும் பெட்டிக்கு வெளியேதான் இருக்கும்.

எஸ்.எஸ்.பி.யில் (குரல் அனுப்பும் முறை) பேசிக்கொண்டு அளந்தால் சாதாரண வாட்மீட்டர் சராசரியைத்தான் காட்டும். 30 வாட் என்றாலும் குறையே இல்லாமல் இருக்கலாம். சி.டபிள்யூ.வில் (மோர்ஸ் அனுப்பும் முறை) வைத்து அளந்து பாருங்கள். அன்டெனாவைக் கழற்றி, 100 வாட் தாங்கும் 50 ஓம் டம்மி லோடைப் (அன்டெனாவுக்குப் பதிலாக வாட்டை வெப்பமாக்கும் மின்தடை) பூட்டி, ஐந்து விநாடி மட்டும் கீயை (மோர்ஸ் அனுப்பும் விசை) அழுத்துங்கள். முழு வாட்டும் வந்தால் ரேடியோவில் பழுதில்லை. அன்டெனாவைத் திரும்பப் பூட்டியதும் எஸ்.டபிள்யூ.ஆர். (வாட் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 2ஐத் தாண்டினால் பல ரேடியோக்கள் ட்ரான்சிஸ்டர்களைக் காப்பாற்றத் தாமே வாட்டைக் குறைத்துவிடும். கேபிளையும் அன்டெனாவையும் பாருங்கள்.

டம்மி லோடிலும் குறைவு என்றால் கரண்ட் வரும் வழியைப் பிடியுங்கள். முழு வாட்டுக்கு ரேடியோ 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியர் வரை இழுக்கும். பவர் சப்ளையின் முனையில் அளந்து பயனில்லை. ரேடியோவின் பின்னால் வயர் நுழையும் இடத்தில், கீயை அழுத்தியபடி அளக்க வேண்டும். சும்மா இருக்கையில் 13.8 காட்டி, அழுத்தியதும் 12க்குக் கீழே விழுந்தால் குற்றவாளி அகப்பட்டான். 2.5 சதுர மி.மீ. வயர் 3 மீட்டர் ஓடினால், போக வர 6 மீட்டரில் 0.8 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு பாதிக்கும் கீழே.

வயர் தடிப்பாக இருந்தும் விழுகிறதா? கீயை அழுத்தியபடி பியூஸ் ஹோல்டரின் இரு பக்கமும் மல்டிமீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே பிடிப்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும், பிளாஸ்டிக் சற்று இளகியும் இருக்கலாம். பியூஸை மட்டும் மாற்றுவது வீண்வேலை, ஹோல்டரையே மாற்றுங்கள். பல ரேடியோக்களில் கறுப்பு வயரிலும் ஒரு பியூஸ் உண்டு, அதை மறந்துவிடுவார்கள்.

சப்ளையே இறங்கினால் வீட்டு மின்சாரத்தை மாலை ஏழு மணிக்கு அளந்து பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200க்குக் கீழே போனால், பழைய ட்ரான்ஸ்போர்மர் சப்ளையால் 13.8ஐப் பிடித்து வைக்க முடியாமல் போகலாம்.

வோல்ட் சரி, ஒரு பேண்டில் (அலைவரிசைத் தொகுதி) மட்டும் குறைவு என்றால் அந்தப் பேண்டின் பில்டரை இணைக்கும் ரிலேயில் (மின்காந்தச் சுவிட்ச்) சந்தேகம். எல்லாப் பேண்டிலும் குறைவு என்றால் செட்டிங்கில் வாட் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ஏ.எல்.சி. (வாட் எல்லை மீறாமல் தானாகக் கட்டுப்படுத்தும் சுற்று) திருகைத் திருப்பி வாட்டை ஏற்றப் பார்ப்பது இருக்கிற ட்ரான்சிஸ்டரையும் கருக்கும் வழி.

ஏமாற்றுவது நனைந்த கேபிள். அது சிக்னலை விழுங்குவதால் திரும்பி வரும் வாட்டும் குறைந்து, எஸ்.டபிள்யூ.ஆர். அழகாகக் காட்டும். கேபிளின் மறுமுனையில் வாட்மீட்டரையும் டம்மி லோடையும் மாட்டிப் பாருங்கள். ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய கேபிள் 30 மீட்டர் இருந்தால், நல்ல நிலையிலேயே 28 மெகாஹேர்ட்ஸில் வாட்டில் பாதிக்குச் சற்று மேல்தான் கொண்டு சேர்க்கும். அதற்கும் வெகுவாகக் குறைந்தால் நுனியை வெட்டி, உறைக்குள் இருக்கும் செம்புப் பின்னலைப் பாருங்கள். செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டுங்கள். ஒரு மீட்டர் தாண்டியும் கறுப்பாக இருந்தால் கேபிளை எறிய வேண்டியதுதான்.

புதுக் கனெக்டருக்கு, தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கூரைத் தகரம் போல மேல் சுற்று கீழ்ச்சுற்றை மூட வேண்டும். மே மாதத் தென்மேற்குப் பருவமழைக்கு முன் முடித்துவிடுங்கள், ஆனால் ஏப்ரல் பிற்பகலில் இடி கேட்டால் கேபிள் பக்கம் போக வேண்டாம்.