முந்திரி ஏன் பெட்டிக்குள் போனது?

விருதுநகரில் தாத்தா நடத்திய மண்டியின் கணக்கேட்டைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றினேன். மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என்று ஏடு முழுக்கக் குறிகள். பக்கத்தைப் பார்த்த சித்தப்பா, "முந்திரி மட்டும் பெட்டிக்குள் போய்விட்டதே" என்றார். முந்திரி என்பது இங்கே பருப்பு அல்ல. 320-இல் ஒரு பங்கு.

குறி கெட்டால் உடனே நிரலைத் தோண்டாதீர்கள். எந்த உருவில் கெட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வெற்றுப் பெட்டி தெரிந்தால் எழுத்து பத்திரமாக வந்திருக்கிறது. வரைய எழுத்துருதான் இல்லை. ௸, ௹ போன்றவை, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் 2003-இலேயே சேர்ந்தவை. பழைய பின்னக் குறிகள் 2019-இல்தான் வந்தன, அதுவும் வேறொரு தொகுதியில். ஆகவே சாதாரணத் தமிழ் எழுத்துரு போதாது. 'நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட்' எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.

'ம' இருக்க வேண்டிய இடத்தில் தலைக்குறி போட்ட ஒரு ரோமன் எழுத்தும் பின்னால் ®® என்றும் வந்தால் கதை வேறு. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் 'ம' மூன்று பைட்டுகள். உலாவி அவற்றைத் தனித்தனி மேலை எழுத்துகளாகப் படித்துவிட்டது. கோப்பை யூ.டி.எஃப்-8 ஆகச் சேமித்து, தலைப்பகுதியின் தொடக்கத்திலேயே, முதல் 1024 பைட்டுகளுக்குள், எழுத்து முறையைச் சொல்லும் மெட்டா சார்செட் வரியில் அதை அறிவியுங்கள். அப்படியும் திருந்தவில்லையென்றால் சர்வர் பக்கத்துக்கு முன் அனுப்பும் எச்.டி.டி.பி தலைப்பைப் பாருங்கள். அது வேறொன்றைச் சொன்னால் உங்கள் அறிவிப்பு எடுபடாது.

கேள்விக்குறியாக வந்தால்தான் வயிற்றைக் கலக்கும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் நான் 'யூ.டி.எஃப்8' என்ற பழைய அமைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதில் ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுதான் இடம். முந்திரிக்கு நான்கு வேண்டும். 'யூ.டி.எஃப்8எம்பி4' என்று மாற்றினேன். ஆனால் ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டது திரும்பி வராது. இரண்டு பக்கங்களை மறுபடி தட்டெழுதினேன்.

விசைப்பலகையில் இல்லாத குறிக்கு எண் போதும்: ௸ வேண்டுமானால் ௸ என்றும், முந்திரிக்கு 𑿀 என்றும் எழுதுங்கள். கடைசி அரைப்புள்ளியை விடாதீர்கள். இந்த எண்ணையே பக்கத்தில் காட்ட வேண்டுமென்றால் முதலில் உள்ள & குறியை & என்று மாற்றி, &#3064; என எழுத வேண்டும்.